அலுமினியம் குளோரைட்டுக்கு ஒரு சந்தனப் பொட்டு

டயகமையில் பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே, தேயிலை மலையின் தோளில் ஒரு தமிழ்ப் பாடசாலை இருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அங்கே இரசாயனவியல் படிப்பிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒழுங்கில்தான் நடந்துகொண்டார்கள். வந்தார்கள், குளிர்கிறது என்றார்கள், இடமாற்றம் கேட்டார்கள், போனார்கள். போகாமல் நின்றவர் ஒருவர். பெயர் இம்தியாஸ்.

அவர் ஏன் போகவில்லை என்பதற்குத் தோட்டத்தில் பல விளக்கங்கள் உண்டு. தலவாக்கலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவருடைய வாப்பா லாபிர், மகனைக் கடைப் பக்கமே அண்டவிடுவதில்லையாம். சவர்க்காரம் வாங்க வருகிறவரிடம் மகன் விலையைச் சொல்லாமல், அது எப்படி நுரைக்கிறது என்று விளக்கத் தொடங்கிவிடுவாராம். மலையேற்றம் உடம்புக்கு நல்லதென்று மனைவி றுமைஸா எங்கோ வாசித்துவிட்டாள் என்போரும் உண்டு. இடமாற்றம் கேட்க அவருக்கு ஞாபகமே வரவில்லை என்பது கடைசி விளக்கம். அதுவே உண்மையாக இருக்கக்கூடும்.

இம்தியாஸ் சேர் உயரமானவர், மெலிந்தவர். ஸ்வெட்டர் கைகளில் எப்போதும் சோக்குத் தூள். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அயன்களின் பருமனில்தான் என்பது அவருடைய முடிவு. நேரேற்றம் உள்ளது கற்றயன், மறையேற்றம் உள்ளது அன்னயன், இரண்டும் சேர்ந்தால் உப்பு என்று கீழ் வகுப்பில் படித்துவிட்டு நிம்மதியாக வருகிறார்கள். மேல் வகுப்புப் புத்தகம் வந்து, சில உப்புகள் முழு உப்பல்ல, அவற்றில் பங்கீட்டு வலு இயல்பும் கலந்திருக்கிறது என்று குண்டைத் தூக்கிப் போடுகிறது. ஏன் என்று கேட்டால், முனைவாக்கும் வலு என்கிறது. பிள்ளைகள் அதைப் பாடமாக்கி, எழுதி, புள்ளி வாங்கி, மறந்துவிடுகிறார்கள்.

மறக்காமலிருக்க சேர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழியின் பெயர் அதிபர் கஜேந்திரன்.

அதிபர் சின்ன உருவம். ஆனால் பொறுப்புகள் மூன்று. பாடசாலைக்கு அதிபர், கோயில் கமிட்டிக்குத் தலைவர், மரண உதவிச் சங்கத்துக்கும் அவரே தலைவர். ஆய்வுகூட உதவியாளர் அழகனோ பெரிய உருவம். மனமும் இளகியது, வயிறும் இளகியது.

"அதிபர் நடந்து வரும்போது அழகண்ணனப் பாத்திருக்கீங்களா?" என்று சேர் வகுப்பில் கேட்பார். "மொதல்ல வயிறு அவரு பக்கம் சாயும். அப்புறம் தல. அப்புறம் முழு ஆளுமே சாஞ்சிருவாரு. அதுதான் முனைவாக்கம். கற்றயன் சின்னது, ஏற்றம் பெருசு. பக்கத்துல தொளதொளன்னு ஒரு பெரிய அன்னயன். அன்னயனோட இலத்திரன் முகில் இந்தப் பக்கமா இழுபட்டு ரெண்டு பேருக்கும் பொதுவாயிரும்."

"அப்ப சோடியம் சேர்?"

"சோடியம் கொஞ்சம் பெரிய ஆளு, ஏற்றம் ஒண்ணே ஒண்ணு. நம்ம கேட்டுல நிக்கிற வாச்சர் மாதிரி. வாச்சர் வந்தா அழகண்ணன் அசைவாரா?"

"அசையமாட்டாரு சேர்!"

"அதான் சோடியம் குளோரைட்டு நல்ல உப்பா இருக்கு. கறியில போடலாம். அலுமினியம் அதவிட சின்னது, ஏற்றம் மூணு. அது குளோரைட்டோட சேந்தா பேரு மட்டுந்தான் உப்பு."

"புளோரைட்டோட சேந்தா?"

"புளோரைட்டு சின்ன உடம்பு. தன்னோட முகில இறுக்கிப் பிடிச்சிருக்கும். அதே அலுமினியம் இழுத்தாலும் லேசுல நெளியாது. அங்க உப்பு உப்பாவே இருக்கும்."

"அப்பிடி நெளியாத ஆளு நம்ம ஸ்கூல்ல யாரு சேர்?"

"தேடிப் பாருங்களேன்" என்பார் சேர். வகுப்பு தேடும். ஆசிரியர் அறைப் பக்கம் தேடியவர்கள் சீக்கிரமே திரும்பி வந்துவிடுவார்கள்.

இந்தப் பாடத்தின் உயிருள்ள உதாரணம் ஒன்று ஆய்வுகூட அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. எப்போதோ கொழும்பிலிருந்து வந்த நன்கொடைப் பெட்டியில், யாரும் கேட்காமலே வந்து சேர்ந்த போத்தல். சிவப்பு லேபல், கறுப்பு மூடி. உள்ளே நீரற்ற அலுமினியம் குளோரைட்டு. அது தண்ணீரைக் கண்டால் சாதாரண உப்பைப் போலப் பேசாமல் கரைந்துவிடாது. சீறும், சூடாகும், தொண்டையையும் கண்ணையும் பொசுக்குகிற அமில வாயுவைக் கக்கும். மூடிய போத்தலுக்குள் சில துளி ஈரம் போனாலும் போதும். வாயு வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியை அமுக்கத் தொடங்கும். மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற மலையில் இப்படியொரு பொருளை அனுப்பியவரின் தாராள மனதை என்ன சொல்வது. சேர் அதை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, ஈரத்தை உறிஞ்சச் சுற்றிலும் சுட்ட சுண்ணாம்புக் கட்டி போட்டு, அழகனிடம் சொல்லியிருந்தார்: "இதத் தொடவே கூடாதுண்ணே."

அழகனும் தொடவில்லை. அந்த வருட வாணி விழா வரும்வரை.

விஜயதசமியன்று அந்தப் பாடசாலையில் பூசைக்கு வைக்கப்படாத பொருள் இருக்கக்கூடாது. மேசைகளை அடுக்கிப் படி கட்டி, வெள்ளைச் சேலை விரித்து, புத்தகம், மிருதங்கம், கிரிக்கெட் மட்டை, கணினியின் எலி என்று எல்லாம் ஏறும். ஆய்வுகூடத்தின் பங்கு அழகனுடையது. நுணுக்குக்காட்டி, அளவி, போத்தல்கள் எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே குழாயடியில் வைத்துக் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஒன்றை விட்டுவிட்டால் வருடம் முழுக்க அந்தப் பொருளுக்குக் குறை என்பது அவருடைய கொள்கை. 'தொடாதே' என்பதை அந்த வருடம் அவர் மற்ற நாட்களுக்கான கட்டளையாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

இம்தியாஸ் சேர் விழாவுக்கு வரத் தவறுவதில்லை. வாப்பாவின் கடையிலிருந்து கடலையும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மண்டப வாசலிலேயே நிற்பார். உள்ளே வந்தால் இவர்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று அவர் நினைத்தார். உள்ளே கூப்பிட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று இவர்கள் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் அவ்வளவு மரியாதை.

அன்றைக்கு நல்ல மழை. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஏடு தொடக்க வந்த சின்னஞ்சிறுசுகள், மடியில் அரிசித் தட்டோடு. பின்னால் தாய்மார். அதற்கும் பின்னால் பெரிய வகுப்புகள். கல்விப் பணிப்பாளர் வந்துகொண்டிருப்பதாகத் தகவல். அதிபர் ஒரு கையில் குத்துவிளக்குத் திரியும் மறு கையில் போனுமாக நின்றார். விழா பேஸ்புக்கில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது.

சேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியைப் பார்த்தார். போத்தல்கள் பளபளவென்றிருந்தன. நடுப்படியில், விளக்குக்குப் பக்கத்தில், சிவப்பு லேபல். நெற்றியில் பொட்டு. கழுத்தைச் சுற்றி இறுக்கமாகக் கறுப்பு டேப்.

வாசலுக்குப் பக்கத்தில் நின்ற அழகனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"அழகண்ணே." குரலை அடக்கினார். "அந்தப் போத்தல யாரு எடுத்தது?"

"நான்தான் சேர்." அழகனின் முகத்தில் அவ்வளவு பெருமை. "பாவம், வருசா வருசம் இத மட்டும் விட்டுட்டேன், மூலையிலயே கெடக்குது. இன்னைக்காவது ஒரு பொட்டு வைக்க வேணாமா?"

"கழுவினீங்களா?"

"கழுவாம வைப்பேனா? மூடி முழுக்க வெள்ளையா பூத்துக் கெடந்துச்சு. கழட்டி, மரையெல்லாம் பிரஷ் போட்டுத் தேச்சேன். தெறந்த ஒடனே புகையா வந்துச்சு சேர். நல்ல சகுனம்னு நெனச்சேன்."

"உள்ளுக்குத் தண்ணி போச்சா?"

"கொஞ்சம் போயிருக்கும். மூடியும் ஈரந்தான். உப்புத்தானே சேர், காஞ்சிரும்னு விட்டுட்டேன். திருநீறு கிருநீறு விழக்கூடாதுன்னு டைட்டா மூடி டேப்பு வேற சுத்திட்டேன்."

"தொட்டா சூடா இருந்திச்சா?"

அழகன் யோசித்தார். பெருமை முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "ஆமா சேர். வெளக்குக்குப் பக்கத்துல வைக்க முன்னாலயே சூடாத்தான் இருந்திச்சு."

சேர் மண்டபத்தின் ஓரமாக அதிபரிடம் போனார். "சேர், பிள்ளைகள உடனே வெளிய அனுப்பணும். அந்தப் போத்தல் வெடிக்கும்."

அதிபர் போனைச் சற்றுத் தாழ்த்தினார். "எந்தப் போத்தல்? அலுமினியம் குளோரைட்டா? இம்தியாஸ், நானும் சயன்ஸ் படிச்சவன்தான். குளோரைட்டுன்னா உப்பு. அலுமினியம்னா சட்டி. சட்டியும் உப்பும் வெடிக்குமா?"

"சோடியம் குளோரைட்டுன்னா நானே எடுத்துக் கடலையில போட்டிருப்பேன். இது வேற."

"பத்து வருசமா வெடிக்காதது இன்னைக்கி வெடிக்குதா?"

"பத்து வருசமா அதுக்கு யாரும் தண்ணி காட்டல சேர்."

"பணிப்பாளர் பாலம் தாண்டிட்டாராம். மழைக்குள்ள பிள்ளைகள நிப்பாட்டிட்டு நான் அவருக்கு என்ன சொல்றது? பூசை முடியட்டும், அழகன் எடுத்து வைப்பான்."

"அப்ப நான் ஆக்கள எழுப்புறேன்."

அதிபர் இன்னும் கிட்டே வந்தார். குரல் மிகவும் மென்மையாகிவிட்டது. மூன்று தலைமைகளும் ஒன்றாகப் பேசும்போது அவருக்கு அந்தக் குரல் வரும். "யோசிச்சுச் செய்யுங்க இம்தியாஸ். இவ்வளவு காலமும் வாசல்லயே நின்னீங்க. இன்னைக்கி நீங்க வந்து பூசைய நிப்பாட்டினா நாளைக்கித் தோட்டத்துல என்ன பேசுவாங்க? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

 இந்தக் கேள்வியை இம்தியாஸ் சேரே தன்னிடம் எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறார். இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அதற்கு வேறு எடை.

அந்தக் கணத்தில் போத்தலின் கழுத்தில், டேப்பின் விளிம்பில், மெல்லிய வெண்புகை நூல்போலக் கிளம்பியது. பூசாரி அதைப் பார்த்துக் கைகூப்பினார். சாம்பிராணி என்று நினைத்த தாய்மாரும் கூப்பினார்கள். சிலர் கண்ணில் நீர். பக்தி என்று அருகில் நின்றவர்கள் நினைத்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி இருமினாள். பிறகு பக்கத்துச் சிறுவன். பிறகு வரிசை முழுக்க.

மூடி நடுவில் புடைத்திருப்பது இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது.

"எல்லாரும் எழும்புங்க!" இம்தியாஸ் சேர் கத்தினார். வகுப்பில்கூட அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க!"

"உக்காருங்க, உக்காருங்க" என்று அதிபர் கையால் காட்டினார்.

மண்டபம் பாதி எழும்பியது. பாதி உட்கார்ந்தது. எழும்பியவர்கள் உட்கார்ந்தவர்களைப் பார்த்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழும்பியவர்களைப் பார்த்து எழும்பினார்கள். எல்லாக் கண்ணும் அதிபரின் கையில். அந்தச் சின்னக் கையில் அப்படியொரு இழுப்பு.

முன்வரிசைக்குப் பின்னாலிருந்து ராக்காயி எழும்பினாள். கொழுந்தெடுக்கிறவள், ஒல்லியான சின்ன உருவம். கடைசி மகள் பிரியந்திக்கு ஏடு தொடக்க அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"என்ன சேர், சொல்லுங்க."

"அக்கா, அந்தப் போத்தல் வெடிக்கப் போகுது. முன்னால இருக்கிற பிள்ளைகளுக்குக் கண்ணு போயிரும்."

ராக்காயி போத்தலைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

"பிரியந்தி, எந்திரிடி."

"ராக்காயி, உக்காரு! பூச நடக்குதுல்ல?" என்றார் அதிபர்.

"சாமி எங்கயும் போகாது சேர். ரெண்டு நாழி பொறுக்கும்." மகளை இடுப்பில் தூக்கினாள். அரிசித் தட்டு கவிழ்ந்து பாயெல்லாம் சிதறியது. பக்கத்தில் இருந்தவளைத் தோளில் தட்டினாள். "ஏய் வேலாயி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஓம் புள்ளய நாந்தான் தூக்கணுமா? மழையில நனஞ்சா காஞ்சிரும். கண்ணு போனா காயுமா?"

"ராக்காயி, நான் சொல்றேன்..."

"நீங்களும் வாங்க சேர், அப்புறமாச் சொல்லுங்க."

முன்வரிசை முழுவதும் எழும்பியது. அதன் பின்னால் எல்லா வரிசைகளும். பூசாரி அனுபவசாலி. கற்பூரத் தட்டைக் கீழே வைத்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் முன்னதாக வாசலில் இருந்தார்.

அப்போதுதான் சேருக்கு இன்னும் மோசமான ஒன்று தெரிந்தது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில், கண்கலங்கி, அழகன் படியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"நான் செஞ்ச வேல சேர். நானே தூக்கி வெளிய போட்டுர்றேன்."

வெளியே கொட்டுகிற மழை. கையில் வெடித்தால் அழகனின் முகம் இருக்காது, மழையில் உடைந்தால் வாசலில் நிற்கிற பிள்ளைகளின் மூச்சு இருக்காது. சேர் பாயைத் தாண்டினார், அரிசியை மிதித்தார். அந்தப் படிக்கு அவ்வளவு கிட்டே அவர் போனது அதுவே முதல் தடவை என்பதை அவரும் கவனிக்கவில்லை, வேறு யாரும் கவனிக்கவில்லை. அழகனின் சேர்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தார். மலையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது.

"தொடாதீங்க!"

அழகனின் விரல் போத்தலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இந்தத் தடவை அவர் அந்தச் சொல்லுக்கு விடுமுறை கொடுக்கவில்லை.

அதிபர் இன்னும் அங்கேயே, போனை உயர்த்தியபடி நின்றார். வெறும் மண்டபம் நேரடி ஒளிபரப்பில் போய்க்கொண்டிருந்தது. சேர் ஒரு கையால் அவரையும் மறு கையால் அழகனையும் பிடித்து வாசலுக்குத் தள்ளினார். கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியைப் போட்டார்.

சத்தம் பெரிதாக வரவில்லை. பட்டாசு போல ஒன்று. அதன் பின்னால் கண்ணாடிச் சிதறல் சுவர்களில் மோதுகிற சத்தம் மழை போலக் கொஞ்ச நேரம் கேட்டது. கதவின் அடியால் வெள்ளைப் புகை நாக்கு நீட்டியது.

 தாய்மார் பிள்ளைகளின் கண்ணை மாறி மாறித் தடவிப் பார்த்தார்கள்.

அழகனால் சும்மா நிற்க முடியவில்லை. அவர் வாளி நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"தண்ணி வேணாம்ணே!" சேர் வாளியின் விளிம்பைப் பிடித்தார். தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது. "இன்னும் பாதி அங்க தரையில கெடக்கு. தண்ணி பட்டா அவ்வளவும் கெளம்பும். காஞ்ச மண்ணு எடுங்க!"

"இந்த மழையில காஞ்ச மண்ணுக்கு எங்க சேர் போறது?"

"தோட்டத்து ஸ்டோர்ல டொலமைட்டு இருக்குமே. கவ்வாத்து வெட்டின தேயிலைக்குப் போடுற சுண்ணாம்புப் பவுடர். மூட்டையா தூக்கிக்கிட்டு வாங்க. நனையாம!"

அழகன் ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று தோட்டத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் பணிப்பாளரின் வாகனம் வளைவில் திரும்பியது. மழைக்குள் அவருடைய கண்ணில் பட்டது: முழுப் பாடசாலையும் பெற்றோரோடு முற்றத்தில், நனைந்தபடி, அமைதியாக. எங்கே கூட்டினாலும் வரிசையில் நின்று பழகிய பிள்ளைகள் தாமாகவே வரிசையிலும் நின்றிருந்தார்கள். சிலர் கண் கலங்கியிருந்தார்கள். பணிப்பாளர் குடையை மடக்கிவிட்டு இறங்கினார். தானும் நனைவதே முறை என்று நினைத்திருப்பார். தன் சேவைக் காலத்தில் இப்படியொரு வரவேற்பைக் கண்டதில்லை என்றார். பணிவும் கட்டுப்பாடும் பற்றி மழையிலேயே பேசினார். அதிபரின் முகத்துக்கு நிறம் திரும்பியது.

"எல்லாம் பழக்கம் சேர்" என்றார் அதிபர். "நாங்க பிள்ளைகள அப்பிடித்தான் வளக்கிறோம்."

மண்டபத்துக்குள் போகலாமா என்று கேட்ட பணிப்பாளரை, முதலில் தேநீர் அருந்தலாம் என்று அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பூசை பின்னர் கோயிலில் நடந்தது. பிள்ளைகளும் அங்கேயே ஏடு தொடக்கினார்கள். பேஸ்புக்கில் விழாவைப் பார்த்தவர்கள், நடுவில் ஏன் வெறும் மண்டபம் தெரிந்தது என்று கேட்டார்கள். வலையமைப்புக் கோளாறு என்று பதில் போடப்பட்டது.

பின்னேரம் புகை போன பிறகு இம்தியாஸ் சேரும் அழகனும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். தரையெல்லாம் டொலமைட்டுத் தூவி, நுரைப்பது அடங்கும்வரை காத்திருந்து, வாரிக் கட்டினார்கள். சேரின் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகியிருந்தன.  மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே அழகன் கேட்டார்.

"அந்த அலுமினியம் கொஞ்சம் பெருசா இருந்திருந்தா இது நடந்திருக்காதா சேர்?"

"அந்த அளவுக்கு நடந்திருக்காதுண்ணே."

முன்வரிசைப் பாயை உருட்டப் போன சேர் நின்றார். பாயில் அரிசிக்கு நடுவே கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. ஒன்று, விரல் நீளம், நெட்டுக்குத்தாகக் குத்தி நின்றது.

வாசலில் நிழல் விழுந்தது. ராக்காயி. மகளுடைய செருப்பை எடுக்க வந்திருந்தாள். சின்னப் பிங்க் செருப்பு, கதவுக்கு உட்பக்கம் கிடந்தது. எடுத்துத் தலைகீழாகத் தட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு பொடிச் சில்லு படிக்கட்டில் விழுந்து தெறித்தது. அவள் அந்தச் சில்லைப் பார்த்தாள். பிறகு பாயில் நின்ற துண்டைப் பார்த்தாள். அது யார் உட்கார்ந்த இடம் என்று கேட்கவில்லை.

"அம்மா, நானும் வாறேன்" என்று வெளியே குரல்.

"அங்கயே நில்லு. உள்ள வராத."

செருப்பை மறுபடி ஒருமுறை தட்டினாள்.  இடுப்புச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளே குனிந்து சில்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"சேர், நீங்களும் வெளிய வாங்க. கண்ணு செவந்து போயிருக்கு. மிச்சத்தக் காத்து பாத்துக்கும்."

சேர் எழும்பி வெளியே வந்தார்.